ஷமீம் மேடம் தைத்த ஓட்டை

ஷமீம் மேடம் போய்விட்டார் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, காலையின் முதல் பரிசோதனையை முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டு வீட்டில் மாரடைப்பாம். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அவரை அறிந்தவர்களிடம் அதை மறைப்பானேன்?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் சிறிய மருத்துவமனையில் அவர் அறுவை சிகிச்சை நிபுணர். நான் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிறவன். "நீ கேமரா வுட்டுப் பாக்குற ராகவா, நான் கை வுட்டுப் பாக்குறேன்" என்று கிண்டல் செய்வார்.

கவரைப்பேட்டை ஏழுமலை இரும்பு ஆலைத் தொழிலாளி. சில வருடங்களுக்கு முன் அவர் பெருங்குடலில் இருந்த சிறு சதைக்கட்டி ஒன்றை நான் குழாய் வழியாகவே சுட்டு எடுத்தேன். மறுநாள் காலை அவர் மனைவி லட்சுமி போன் செய்தார்.

"வயிறு கல்லாட்டம் கீது டாக்டரு. ஓமத் தண்ணி குடுத்தேன். கம்பெனி பஸ் வர்ற நேரம், வேலைக்குப் போவலாமா?"

பரிசோதனையில் உள்ளே செலுத்திய காற்றுதான், போய்விடும் என்றேன். எங்கள் பக்கத்தில் வயிற்றுக்குள் எது நடந்தாலும் காற்று என்பதே முதல் தீர்ப்பு. படித்த நானும் அதையே சொன்னேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மேடம் போனைப் பிடுங்கினார். "பஸ்ஸுல ஏத்தாதம்மா. ஆட்டோ புடிச்சி இங்க இட்டுனு வா. வாயில தண்ணி கூட ஊத்தாத."

ஏழுமலை குனிந்தபடியே நடந்து வந்தார். "காத்துதான் மேடம், பிரிஞ்சா சரியாப்பூடும்." எக்ஸ்ரேயில் கல்லீரலுக்கு மேலே கறுப்பாக ஒரு பிறை தெரிந்தது. குடலுக்கு வெளியே கசிந்த காற்று. நான் சுட்ட இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

"மருந்து போட்டு ஒரு நாள் பார்க்கலாமே மேடம்?" என்றேன். சிலருக்கு ஓட்டை தானே ஆறுவதும் உண்டு.

"வயிறு பலகையாட்டம் இருக்கு. இன்னிக்குன்னா தையலோட போவும். நாளைக்குன்னா மலம் போவ வயித்துல பை வெக்கணும், இல்லன்னா ஆளே இருக்கமாட்டான். பாக்கலாம்னு சொல்றது அந்த ஆளுக்காகவா, உனக்காகவா?" நான் அறுவை அறைக்குப் போன் செய்தேன். "ஓட்டைய நான் தைக்கிறேன். போட்டது யாருன்னு அந்தம்மாகிட்ட நீ சொல்லு."

சொன்னேன். லட்சுமி கத்தவில்லை. "காத்துன்னு சொன்னீங்களே டாக்டரு" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஓட்டை மிளகளவுதான். மேடம் அதைத் தைத்து, வயிறு முழுவதையும் கழுவினார். பை தேவைப்படவில்லை. வெளியே வந்து கை கழுவும்போது அவர் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன். "உங்களுக்குமா பயம் மேடம்?" என்றேன்.

"தினம் தினம் பயந்துகினுதான் உள்ள போறேன். பயம் வுட்டுப்போன அன்னிக்குக் கத்திய வெச்சிட்டு ஊட்டுக்குப் போயிடுவேன்."

பிறகு தினமும் காலையில் ஏழுமலையின் கட்டிலருகே நின்று, "காத்து பிரிஞ்சிச்சா?" என்று கேட்பார். குடல் மறுபடி வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். நான்காம் நாள் ஏழுமலை வெட்கத்தோடு தலையாட்டினார். வார்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

மேடத்திடமிருந்து எனக்குத் தைரியம் கிடைத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். கிடைத்தது பயம்தான். அதை வைத்துக்கொண்டுதான் குழாயைத் தொடுகிறேன். நாளைக் காலை ஒருவருக்குக் கட்டி எடுக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் அதை அவர் வீட்டாரிடம் என் வாயால் சொல்லிவிடுவேன். தைக்க யாரைக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.