கோடு விழாத கரும்பலகை

ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்து முடித்ததும் மத்தியாஸ் வாத்தியார் நீண்ட மரக்கோலை எடுத்து அதன் நடுவே நிறுத்துகிறார். காதில் செருகிய சாக்கட்டி கைக்கு வருகிறது, கோடு விழவில்லை. ஓலைத் தட்டிக்கு அப்பால் மாடில்டா டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்கிறார். அதைச் சற்றுக் கேட்டுவிட்டுக் கோலை மூலையில் சாய்க்கிறார்.

கோலா சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டப் பள்ளி இது. ஜப்பான்காரன் போனதிலிருந்து அவர் ஒருவரே வாத்தியார். அந்தக் கோலை வைத்துக் கோடு இழுத்துப் பலகையை நான்கு கட்டமாக்கி நான்கு வகுப்பையும் ஒன்றாக நடத்தினார். ஒரு வகுப்பு கழித்தல் படிக்கும்போது மற்றவை காத்திருக்கும். பெரட்டுக்கு, விடிகாலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் பெற்றோரோடு விடியுமுன் எழுந்த பிள்ளைகள் காத்திருந்தபடியே தூங்கிவிடும்.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி வந்த மறுவருடம் பள்ளிக்குப் பணம் வந்தது. புதுப் பெஞ்சு, தகரக் கூரை, பெரிய பலகை. அந்தப் பெரிய பலகையிலும் நான்கு கட்டந்தான். கணக்கில் மதிப்பெண் அசையவில்லை.

“பெஞ்சு வந்துச்சு, பலகை வந்துச்சு. கணக்கு மட்டும் இன்னும் லோரி ஏறலியே வாத்தியாரே?” என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உடையப்பன்.

“பலகையா பாடம் நடத்தும் கிராணியாரே? ஆள் குடுக்கச் சொல்லுங்க.”

ஆள் கொடுத்தார்கள், ஒரு வருடத்துக்கு. பிள்ளைகள் கணக்கில் தேறினால் மாடில்டா இருப்பார். இல்லையென்றால் அவர் சம்பளம் நிற்கும். சின்ன வகுப்புகள் தட்டிக்கு அப்பால் அவரிடம் போயின, பலகையில் கட்டங்கள் அழிந்தன.

போன மாதம் இன்ஸ்பெக்டர் வந்து நான்காம் வகுப்புக்குப் பரீட்சை வைத்தார். எல்லாக் கணக்கையும் தடுமாறாமல் போட்ட பிள்ளைகள் ஒன்றில் மட்டும் விழுந்தார்கள். ஆறு படி அரிசியோடு வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவன் மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு? வகுப்பு முழுவதும் சுழி போட்டிருந்தது.

“எல்லாருமா ஒரே தப்பு? பாத்து எழுதினதா?”

காப்பியடித்தது என்று அவர் எழுதிவிட்டால் மற்றக் கணக்குகளும் போகும். மத்தியாஸ் சாக்கட்டியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். கோபம் வந்தால் அவர் செய்வது அவ்வளவுதான். முன் பெஞ்சு வேலம்மாவைப் பார்த்து, “சொல்லும்மா,” என்றார்.

“வெளிக்காட்டுக்கு அரிசி கொண்டு போக முடியாது சார். காட்டுக்குள்ள இருக்கிற கம்யூனிஸ்டுக்குப் போயிரும்னு வேலி கேட்டுலயே சோதிச்சுப் புடுங்கிருவாங்க. அப்புறம் எதைப் பங்கு வைக்கிறது?”

யாரும் சிரிக்கவில்லை.

“தேங்காய்னு கேட்டுப் பாருங்க சார்,” என்றார் மத்தியாஸ்.

கேட்டார். வகுப்பே இரண்டு என்றது.

“வாயால சொன்னதுக்கு மார்க் இல்லலா,” என்று தாள்களைக் கட்டிக்கொண்டு போனார் இன்ஸ்பெக்டர். முடிவு இன்னும் வரவில்லை.

இன்று கடற்காற்று பலமாக இருக்கிறது. பாடத்தின் நடுவில் தட்டி முறிந்து சரிய, இரண்டு வகுப்பும் ஒன்றையொன்று பார்க்கின்றன. முட்டுக் கொடுக்க மாடில்டா கட்டை தேடுகிறார். மத்தியாஸ் மூலையிலிருந்த மரக்கோலை எடுத்து, தட்டிக்குக் குறுக்கே வைத்து, இரு முனையிலும் ஆணி அறைகிறார்.