குளியலறையில் மெதுவாகப் பேசுவது

எங்கள் வீட்டுக் குளியலறைக்கும் விசைத்தறிக் குடோனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். கருமத்தம்பட்டியில் பாதி வீடுகள் அப்படித்தான். காலையில் தறி ஓட ஆரம்பித்தால் குளியலறை வாளியில் இருக்கும் தண்ணீர் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். மேலே இருக்கும் சின்ன சன்னல் வழியாக வெயில் ஒரு சதுரமாக விழும். அதற்குள் பஞ்சுத்தூசி ஏறும், இறங்கும், நிற்கும், மறுபடி ஏறும். அதைப் பார்த்துக்கொண்டு அந்த வருடம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. எதிரே கம்மோடின் மேல் என் மகள். மூன்றரை வயது. அவளும் அந்தத் தூசியைத்தான் பார்ப்பாள். வர வேண்டியது மட்டும் வராது.

ஒண்ணுக்குப் போவதில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆய் போக மட்டும் டயப்பர் வேண்டும். மாட்டிவிட்டால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று காரியத்தை முடித்துக்கொள்வாள். மாட்டாவிட்டால் அடக்குவாள். இரண்டு நாள், மூன்று நாள், ஒரு தடவை ஐந்து நாள். கால்களைப் பின்னிக்கொண்டு நுனிக்காலில் நிற்பாள். வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருக்கும். ஜூனில் பள்ளிக்கூடம். டயப்பரோடு வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம்கூட எனக்குப் பெரிதில்லை. அவள் வலியில் அழுவதைத்தான் தாங்க முடியவில்லை. தாங்க முடியாத எதைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வரும். பிறவிக்குணம், என்ன செய்ய.

யோசனை சொல்லாத ஆள் கிடையாது. செவ்வாழை கொடு, திராட்சையை ஊறவைத்துக் கொடு, நாலு நாள் கண்டுகொள்ளாமல் விடு, தானாக வழிக்கு வருவாள். விட்டால் அவள் படும் பாட்டை இவர்களா வந்து பார்க்கப்போகிறார்கள்? என் கணவர் தன் பங்குக்கு வாத்து மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தார். மகள் அதில் தன் பொம்மையை உட்காரவைத்தாள். பொம்மைக்கு மட்டும் நல்ல பழக்கம் வந்துவிட்டது.

கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு குழந்தைகள் டாக்டரம்மாவிடம் போனோம். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "எப்பவோ ஒரு தடவை கெட்டியாப் போய் வலிச்சிருக்கும். மறுபடியும் வலிக்குமோன்னு அடக்குறா. அடக்க அடக்க இன்னும் கெட்டியாகுது." மலம் இளக மருந்து எழுதினார். சாப்பிட்டதும் அஞ்சு நிமிஷம் உட்காரவைக்க வேண்டும், தொங்கும் கால்களுக்கு அடியில் ஒரு ஸ்டூல் வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும் எழுப்பிவிட வேண்டும்.

"முக்கியமா, திட்டாதீங்க."

"நாங்க எங்கீங்க டாக்டர் திட்றோம்? ஒரு சொல்லு சொன்னதில்லீங்க!" என்றார் கணவர்.

டாக்டரம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "மெதுவாப் பேசலாமுங்களா? பக்கத்து ரூம்ல குழந்தை தூங்குது."

"தறிக்காரங்க டாக்டர், இப்படித்தானுங்க" என்று சொல்லி நாங்கள் இருவரும் சிரித்தோம்.

மருந்து வேலை செய்தது. வலி போனது. ஆனால் கம்மோடு மேல் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. தினமும் சாப்பாடு முடிந்ததும் உட்காரவைப்பேன். "வருதா கண்ணு?" என்று உள்ளேயிருந்து நான் கேட்பேன். "வந்துருச்சா?" என்று வெளியேயிருந்து அவர் கேட்பார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். தறிச் சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் சன்னலைச் சாத்திவிட்டேன். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறாள், இப்போது மட்டும் எதற்குப் பொத்துகிறாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் காலை முதல் சாயங்காலம் வரை கரண்டு இல்லை. தறிகள் மொத்தமாக நின்றன. அப்படிப்பட்ட நாளில் எங்கள் ஊரே தண்ணீருக்கடியில் போய்விட்ட மாதிரி இருக்கும். மத்தியானம் சோறு ஊட்டிவிட்டு அவளை உட்காரவைத்தேன். வாளித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சன்னலைத் திறந்துவிட்டிருந்தேன். அந்தச் சதுர வெயிலில் தூசி மிக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு காக்கை கத்திவிட்டு நிறுத்தியது. எனக்குப் பாதித் தூக்கம். வாய் மட்டும் பழக்கத்தில் கேட்டது.

"வருதா கண்ணு?"

யாரோ பின்னாலிருந்து அதட்டியது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் குரல்தான் டைல்ஸில் பட்டுத் திரும்பியிருந்தது. மகள் காதைப் பொத்தியிருந்தாள். ஒரு தறிகூட ஓடவில்லை.

நான் கொடுமுடிக்காரி. ஆற்றங்கரைப் பக்கம் வீடு. எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசிக் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரம், இவர் சமையலறை வாசலில் நின்று "சாப்டியா?" என்று கேட்டார். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் அரிசி டிரம்மின் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அது அதட்டல் இல்லை, தறிச் சத்தத்துக்கு மேலே எட்டவேண்டிய அன்பு என்று புரிய ஒரு மாதம் ஆனது. புரிந்ததும் மறந்துவிட்டேன். என் தொண்டையும் எப்போது இப்படி ஆனது என்று தெரியவில்லை. அந்தச் சின்ன அறைக்குள், சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிய இடத்தில், ஒரு பிள்ளையை உட்காரவைத்து இத்தனை மாதம் இரண்டு பேரும் அதட்டியிருக்கிறோம். நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தேன். அவள் கைகளை மெல்ல எடுத்துவிட்டுக் காதருகே போய்ச் சொன்னேன்: "வரலைன்னா பரவால்ல கண்ணு. சும்மா உக்காந்திருக்கலாம்."

புதிதாக ஒருத்தியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு என் காதில் கேட்டாள்: "அம்மாக்குக் கோவமா?"

"இல்ல சாமி."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

அதை நம்புவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். இருவரும் தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு தண்ணீரில் ஒரு சின்னச் சத்தம். என்னைவிட அவள்தான் அதிகம் திடுக்கிட்டாள். சந்தோஷத்தில் கத்தப் போனேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாளே பீரோவுக்குப் பின்னால் போனாள். ஜட்டியிலேயே போய்விட்ட நாட்களும் உண்டு. மருந்தும் மாதக்கணக்கில் தொடர்ந்தது. ஆனால் குளியலறைக்குள் காதோடு காதாகத்தான் பேசவேண்டும் என்று அவள் ஒரு சட்டம் போட்டாள். அவரையும் கூப்பிட்டுச் சொல்லிவைத்தேன், அந்த அரிசி டிரம் கதையோடு சேர்த்து. "அன்னைக்கு அதுக்கா அழுத?" என்றார். அதையும் சத்தமாகத்தான் கேட்டார்.

ஜூனில் டயப்பர் இல்லாமல் பள்ளிக்கூடம் போனாள். பையில் இரண்டு மாற்றுத்துணி. நான்தான் தினமும் மணி அடிக்கும் முன்பே கேட்டுக்குப் போய் நின்றேன். இரண்டாவது வாரம் கேட்டில் ஆயாம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இன்னைக்கு உங்க பாப்பா என்னைக் குனியச் சொல்லி எங்காதுல வந்து சொல்லுச்சுங்க. கூட்டிட்டுப் போனேன். சமத்தாப் போயிருச்சு."

வீட்டுக்கு வந்தோம். குடோன் வாசலில் நின்றிருந்தவர் எங்களைக் கண்டதும் வழக்கம்போல "என்னாச்சு?" என்றார். மகள் உதட்டில் விரலை வைத்தாள். அவர் குனிந்தார். அவர் காதைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ நீளமாகச் சொன்னாள்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் உள்ளே வந்தார். வாசலில் நிற்காமல் பக்கத்தில் வந்து, குனிந்து, என் காதருகே மெதுவாகக் கேட்டார்.

"சாப்டியா?"

நான் அரிசி டிரம்மின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.