பதினேழாம் எண் வீட்டில் எத்தனை பேர்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு நாற்பதுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. மலாவியில் அப்போது பிற்பகல் ஒன்று பத்து. மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் உண்டு. ஒன்று மூன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடும். புதிதாக வருகிறவர்கள் பாட்டரியை மாற்றச் சொல்வார்கள். அது என் மகள் நித்யாவின் நேரம். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டின் ப்ளான்டயர் நகரத்தில் அவள் புள்ளியியல் ஆய்வாளராக இருக்கிறாள். கரியடுப்புப் புகைக்கும் குழந்தைகளின் இருமலுக்கும் உள்ள தொடர்பை அளக்கும் வேலை. கணினி குலுக்கிப் போட்டுக் கொடுக்கும் வீடுகளுக்குப் போய், காற்றை அளக்கும் சிறு கருவியைத் தொங்கவிட்டு, கேள்விகள் கேட்டு எழுத வேண்டும். பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும், அண்ணி முறையில் நான் 'பாபி' என்று கூப்பிடும் வைஷாலிக்கு இதை நான் பலமுறை விளக்கியாயிற்று. "டாக்டர்தானே? என் மூட்டுவலிக்கு ஒரு மருந்து கேட்டுச் சொல்லு" என்றுதான் இப்போதும் இந்தியில் கேட்பார்.

அன்று நித்யா மழைச் சத்தத்துக்கு நடுவே பேசினாள். "அம்மா, அந்தப் பதினேழாம் நம்பர் வீடு ரெண்டு தடவையும் பூட்டியே கெடந்துச்சு. இன்னிக்கு மூணாவது. போயிட்டு வந்து கூப்புடுறேன்."

"ஏட்டி, இந்த மழைல எதுக்கு? பக்கத்து வீட்டுல கேட்டு எழுதிட்டு வந்துரு."

அவள் சிரித்தாள். "அது உன் சென்சஸ்ல நடக்கும்மா. இங்க நடக்காது." அத்தோடு இணைப்பு அறுந்தது.

அவள் குத்திக்காட்டியது எனக்குப் புரிந்தது. நான் தாராவியில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் எங்களைத்தான் சந்து சந்தாக அனுப்புவார்கள். பூட்டிய வீடுகளுக்குத் திரும்பத் திரும்ப ஏற எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "அவங்களா? நாலு பேரு" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் நாலு என்று எழுதினேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நித்யா ஒருநாள் அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டு முகம் சுளித்தாள். "பூட்டிட்டுப் போறவங்க யாரும்மா? வேலைக்குப் போறவங்க. அவங்களை விட்டுட்டா, வீட்டுல இருக்கவங்களை மட்டும் எண்ணிட்டு ஊரையே எண்ணிட்டேன்னு சொல்ற மாதிரி." எனக்குக் கோபம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த பிறகு நடந்த முதல் கணக்கெடுப்பில், ஊரில் என் அப்பா என் பெயரைக் கொடுத்தார். நாங்கள் அப்போது குடியிருந்த தாராவியில் என் கணவரும் கொடுத்தார். அந்த ஒரு முறை நான் இரண்டு பேராக இருந்தேன். இதை அவளிடம் சொன்னபோது மட்டும் சிரித்தாள்.

ஐந்தரைக்கு அவளைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு குரல். ஆறேகாலுக்கு மறுபடி. அதே குரல். கணவர் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும் ரயிலில் இருந்தார். அவருக்கும் சிக்னல் இல்லை. நித்யாவின் அலுவலகத்தில் களப்பணியைப் பார்த்துக்கொள்ளும் சிக்கோண்டி என்பவரைப் பிடித்தேன். என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். அவருடையது நிதானமானது, மரியாதையானது. என் மகள் எங்கே என்று கேட்டேன். "கவலைப்படாதீர்கள் மேடம், அந்த வீட்டை எப்படியும் முடித்துவிடுவோம்" என்றார். வேலை தாமதமாவதைப் பற்றி நான் புகார் சொல்வதாக நினைத்திருக்கிறார். நான் மகளைக் கேட்க, அவர் வீட்டைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு அவரே அழைத்தபோது குரல் மாறியிருந்தது. மலையடிவாரக் குடியிருப்புக்குப் போகும் நடைபாலம் தண்ணீருக்குள் போய்விட்டதாம். காலைவரை யாரும் கடக்க முடியாதாம். "அவள் அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று நினைக்கிறோம்" என்றார். அந்த 'நினைக்கிறோம்' இன்னும் என்னை விடவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அங்கே ஒருவர் வரப் பிந்தினால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க ஒருவராவது இருப்பார். இங்கே, இத்தனை லட்சம் பேருக்கு நடுவில், எனக்கு அனுப்ப ஆள் இல்லை. வைஷாலி பாபி தட்டில் போஹா என்ற அவல் உப்புமாவோடு வந்து உட்கார்ந்தார். "செம்பூர் போலீஸ்ல என் தம்பிக்குத் தெரிஞ்சவர் இருக்கார், சொல்லட்டுமா?" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

மூன்றாவது முறை நான் அவளைக் கூப்பிடவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் விதி எனக்குத் தெரியும். மூன்று முறை போயும் கதவு திறக்காவிட்டால், 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று குறித்துவிட்டு அந்தத் தாளை மூடிவிடுவார்கள். பட்டனுக்கு மேல் விரல் வரும், பின்வாங்கும். படித்தவள்தான், இது மடத்தனம் என்று தெரியும். ஆனாலும் விடியும்வரை போனை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பின்தங்கிய கடிகாரத்தையே பார்த்தபடி இருந்தேன்.

காலை பத்தரைக்குத் தெரியாத எண் ஒன்று வந்தது. ஒரு பெண் எனக்குப் புரியாத மொழியில் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு நித்யா. "அம்மா, ஒண்ணுமில்ல. என் போன் தண்ணில போயிருச்சு, இவங்க போனுக்கு இப்பத்தான் சிக்னல் வந்துச்சு. பதினேழாம் நம்பர் வீட்டுலதான் இருக்கேன்." என்னென்னவோ கேட்க வைத்திருந்தேன். "சாப்ட்டியா?" என்றுதான் வந்தது. அந்தப் பெண் விடியுமுன் பூட்டிவிட்டுச் சந்தைக்குக் காய் விற்கப் போகிறவராம். மழையால் அன்று சீக்கிரம் திரும்பியிருக்கிறார். எந்த மழைக்கு நான் பயந்தேனோ அதுதான் அந்தக் கதவைத் திறந்திருக்கிறது.

மூன்று வாரம் கழித்து விடுமுறையில் வந்தாள். இளைத்திருந்தாள். முழங்கையில் ஆறிய காயம். வாசலில் பெட்டியை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தாள்.

"அம்மா, எங்க ஃபார்ம்ல முதல் கேள்வியே, நேத்து ராத்திரி இந்த வீட்டுல எத்தனை பேர் தூங்குனீங்கன்னுதான். மறுநாள் காலைல அந்த அக்காகிட்ட கேட்டேன். விரல் விட்டு எண்ணி ஆறுன்னாங்க. அவங்க வீட்டுல அஞ்சு பேர்தான்."

"ஆறாவது யாரு?"

"நான்தான்."

"நீ அஞ்சுன்னுதானே எழுதியிருப்பே?"

"எப்படிம்மா? விருந்தாளியா இருந்தாலும், அங்க தூங்குனா அந்த வீட்டுக் கணக்குதான். ஆறுன்னே எழுதினேன்."

அன்றிரவு இங்கே யாராவது வந்து கேட்டிருந்தால் எத்தனை பேர் என்று எழுதியிருப்பார்கள், என்றேன்.

அவள் சமையலறைக்குள் எட்டி இரண்டு கடிகாரங்களையும் பார்த்தாள். என் தோளில் கையை வைத்தாள்.

"இங்க நீ ஒருத்திதாம்மா."