முடியாத கோப்பைப் படித்த சுல்மா

பிரேசில் எல்லையை ஒட்டிய எங்கள் ஊர் மெலோவில் சுல்மா பெந்தாங்குரை நேரில் பார்க்காதவர்கள்கூட அவளுடைய குரலைக் கேட்டிருப்பார்கள். அரிசி ஆலையின் அலுவலக ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து அவள் கணினியோடு போடும் சண்டை எதிரே இருக்கும் ரொட்டிக் கடை வரைக்கும் கேட்கும். "ஏன் இப்படிப் பண்றே, நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்று அவள் கத்துவதைக் கேட்டால், வீட்டுக்காரனைத் திட்டுகிறாள் என்றுதான் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். வீட்டுக்காரன் கிடையாது. ஒருவன் இருந்தான். தலைநகர் மொந்தெவிதேயோவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அதைப் பற்றி மட்டும் அவள் பேசமாட்டாள். மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவாள்.

அவளுடைய அப்பா ரியோ பிராங்கோவுக்குப் போகும் பேருந்தை ஓட்டியவர். மகளைத் தலைநகரில் படிக்க வைத்தார். அம்மா நோயில் விழுந்தபோது திரும்பி வந்தவள், அம்மா போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டாள். ஆலையின் எடை மேடைக்கான கணினி நிரல், கிடங்குக்கான நிரல் எல்லாம் அவள் எழுதியவை. வேலை அலுப்பாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். அலுப்புதான் என்றாள். அதனால்தான் பலூனுக்கு வந்தாள்.

பலூன் குழு என்று பெரிய பெயர் வைத்திருந்தோம். ஆள் மூன்று பேர். ரேடியோவும் ஆன்டெனாவும் நேரியின் பொறுப்பு. பகலில் அவன் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறான். டிராக்டர்களுக்கு மின்வேலை செய்கிற வில்மாராகிய நான் பெட்டியைச் செய்தேன். வண்டியும் என்னுடையது. பெட்டி அனுப்புவதைப் படிக்கும் நிரல் சுல்மாவுடையது.

எங்கள் பக்கம் குளிர்காலமான ஆகஸ்டில், ஒரு நண்பகலில், ஊருக்கு வெளியே மாடுகள் மேயும் புல்வெளியிலிருந்து பலூனை விட்டோம். வெள்ளைப் பலூன், அதன் கீழே ஆரஞ்சு நிறப் பாராசூட், அதற்கும் கீழே கேமரா வைத்த தெர்மகோல் பெட்டி; படங்கள் அதற்குள் இருக்கும் நினைவக அட்டையில் சேரும். மேலே போகப் போக அது தன் இடத்தையும் உயரத்தையும் வெப்பத்தையும் ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருந்தது. வந்ததெல்லாம் பைட்டுகளாக ஒரே கோப்பில் சேர்ந்தது. கண்ணால் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு துண்டும் ஒரே மாதிரியான இரண்டு தொடக்க பைட்டுகளோடு ஆரம்பிக்கும். பிறகு ஒரு குறி எண். உள்ளே இருப்பது இடமா, உயரமா, வெப்பமா என்று அது சொல்லும். பிறகு உள்ளே இருக்கும் சரக்கின் நீளம், பிறகு அந்தச் சரக்கு, கடைசியில் எல்லாம் சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண். பயணம் முடிந்ததும் 'முடிந்தது' என்று ஒரு துண்டு வரவேண்டும்.

அந்தக் கடைசித் துண்டு வந்தால்தான் சுல்மாவின் நிரல் கோப்பைத் திறக்கும். அப்படித்தான் எழுதியிருந்தாள். என் பட்டறையில் சோதித்தபோதெல்லாம் அது ஒழுங்காக வந்தது.

அன்று வரவில்லை. பலூன் வெடித்து, பெட்டி கிழக்கே இறங்கி, அடிவானத்துக்குக் கீழே போனதும் ரேடியோ அறுந்தது. கோப்பில் பயணம் முழுவதும் இருந்தது. நிரலோ, கோப்பு முழுமையாக இல்லை என்று ஒற்றை வரி காட்டிவிட்டு நின்றுவிட்டது. வந்ததையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுகூடத் தெரியாமல் மூன்று பேரும் நின்றோம்.

அந்த வாரம் முழுக்க சுல்மா நிரலை ஒட்டுப்போட்டாள். முடிவு வராவிட்டாலும் பரவாயில்லை, படி என்று மாற்றினாள். படித்தது. ஆனால் நடுவில் ரேடியோ இரைச்சலில் சில பைட்டுகள் தொலைந்திருந்தன. அதற்குப் பிறகு எல்லாமே இடம் தள்ளிப்போய், உயரத்தை இடமென்றும் வெப்பத்தை நீளமென்றும் வாசித்தது. கடைசியில் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தது. ஆப்பிரிக்காவை ஒட்டிய கடலில்.

நேரி எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, எப்படிப் போறது? வில்மார் வண்டியே போதுமா, இல்ல நீச்சல் உடுப்பு எடுத்துக்கணுமா?"

நான் சிரித்துவிட்டேன்.  சுல்மா தன் மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையையும் சுடுநீர்ப் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.  அதற்குப் பிறகு செப்டம்பர் முழுக்க அவள் வரவில்லை. நேரி தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் கடந்துவிடுவாளாம்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. பட்டறையில் தோர்த்தா ஃப்ரீத்தா என்கிற மாவு ரொட்டியை எண்ணெயில் பொரித்துத் தின்றுகொண்டிருந்தேன். அவளுடைய மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தக் கோப்பு நேரிகிட்ட இருக்குல்ல? வரச்சொல்லு. இப்பவே வரச்சொல்லு."

நேரி வந்தான். வாசலிலேயே தயங்கி நின்றான். மன்னிப்பு, விளக்கம் எதுவும் நடக்கவில்லை. சுல்மா மாத்தேயில் சுடுநீர் ஊற்றி முதல் குடுவையை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கி உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான்.

எப்படித் தோன்றியது என்று பின்னாளில் பலரும் அவளைக் கேட்டார்கள். ஒன்றும் தோன்றவில்லை என்பாள். பழைய நிரலை அழித்துவிட்டு வெற்றுத் திரையில் முதலிலிருந்து எழுதினாளாம். அதில் இட்டரேட்டர் என்று ஒன்று இருந்தது. எனக்குப் புரியும்படி அன்று சொன்னாள்.

"அடுத்தது குடுன்னு கேட்டா ஒரு துண்டு தரும். திரும்பக் கேட்டா அதுக்கு அடுத்தது. மொத்தக் கோப்பு எவ்வளவு பெரிசு, எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியவே வேண்டாம். பாதித் துண்டுதான் வந்திருக்கா, கையில வெச்சுக்கிட்டு மீதிக்குக் காத்திருக்கும். மீதி வரவே இல்லையா, இதுவரைக்கும் குடுத்தது குடுத்ததுதான்."

"இரைச்சல்ல தொலைஞ்சது?" என்றான் நேரி. இந்த முறை கிண்டல் இல்லை.

அதைப் பார்க்கலாம் என்று சொல்லி விசையைத் தட்டினாள். முதல் துண்டு வந்தது. இடம்: எங்கள் புல்வெளி. மறுபடி தட்டினாள். உயரம். மறுபடி. வெப்பம். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வரி. பலூன் எங்கள் கண் முன்னே மறுபடியும் ஏற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய விரல் வேகமெடுத்தது. நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்க மறந்துவிட்டேன்.

திடீரென்று திரையில் எழுபத்தேழு என்று ஒரு குறி வந்தது.

"இது என்ன எழுபத்தேழு? நம்ம பட்டியல்லயே இல்லையே."

நேரி கூரையைப் பார்த்தான். பிறகு ஒப்புக்கொண்டான். ஏற்றுவதற்கு முந்தின நாள், எங்களிடம் சொல்லாமல், பெட்டிக்குள் ஒரு சின்ன மைக் வைத்திருக்கிறான். ஒலி முழுவதும் பெட்டியில் இருக்கும் அட்டையில் பதிவாகும். எவ்வளவு சத்தம் என்ற எண்ணை மட்டும் ரேடியோவில் அனுப்பும். சொன்னால் எடை கூடும் என்று நான் தடுத்துவிடுவேனாம். தடுத்திருப்பேன்தான்.

சுல்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரையைக் காட்டிச் சிரித்தாள். நிரல் நிற்கவில்லை. குறி தெரியாவிட்டால் என்ன, நீளம் தெரியுமே. அந்த அளவைத் தாண்டி அடுத்த துண்டுக்குப் போய்விட்டது.

பிறகு இரைச்சல் விழுந்த இடம் வந்தது. ஒரு துண்டு, பேருந்து அளவுக்குச் சரக்கு வைத்திருப்பதாகச் சொன்னது. பழைய நிரல் இங்கேதான் வழி தவறிப்போனது. புதியது அதை நம்பவில்லை. ஒரு பைட் நகர்ந்து பார்த்தது. இல்லை. இன்னொரு பைட். இல்லை. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, அந்த இரண்டு தொடக்க பைட்டுகளைத் தேடிப் பிடித்து, சரிபார்ப்பு எண்ணும் ஒத்துவந்த பிறகுதான் அடுத்த வரியைக் காட்டியது. வரைபடத்தில் புள்ளி ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. எங்கள் மாநிலத்துக்கு மேலேயே கிழக்கு நோக்கி நகர்ந்தது.

பலூன் வெடித்த உயரம் தெரிந்தது. அதற்குப் பிறகு எண்கள் மளமளவென்று சரிந்தன. கடைசித் துண்டு பாதியில் அறுந்திருந்தது. அதற்கு முந்தினது முழுசாக இருந்தது. ரியோ பிராங்கோவுக்குத் தெற்கே நெல்வயல்களுக்கு மேலே, தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில்.

 சுல்மா மெதுவாக, அவளுக்கே பழக்கமில்லாத குரலில், "அங்கதான் கிடக்கு" என்றாள்.

எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். வண்டியை அப்படி ஓட்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நேரி காற்றின் திசையையும் பாராசூட் இறங்கும் வேகத்தையும் வைத்து மடியில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். சுல்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, போகும் டிராக்டர்களையெல்லாம் நிறுத்தி, ஆரஞ்சுத் துணி பார்த்தீர்களா என்று கேட்டாள். இரண்டு பேர் பார்க்கவில்லை என்றார்கள். மூன்றாவது ஆள் ஒதீலா வீட்டுக் கோழிக்கூண்டைப் போய்ப் பாருங்கள் என்றான்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. தகரக் கூண்டின் மேலே, மழை ஒழுகாமலிருக்க, எங்கள் பாராசூட் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

ஒதீலா அறுபது வயதுக்காரி. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பாதி ஸ்பானிஷும் பாதி போர்ச்சுகீசுமாகப் பேசினாள்.

"பெட்டியில ஏதோ எழுதியிருந்துச்சு. மழையில அழிஞ்சுபோச்சு. யாருதுன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது? கோழிக்குப் பிடிச்சிருந்துச்சு, வெச்சுக்கிட்டேன்."

கோழிக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. மூடி போன பெட்டிக்குள் வைக்கோல் பரப்பியிருக்க, அதன்மேல் செவலைக் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் குஞ்சு பொரிக்கும், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று ஒதீலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சுல்மா அவளோடு வாதம் பண்ணவில்லை. பெட்டி வேண்டாம், அடியில் ஒரு சின்ன அறையில் அட்டை ஒன்று ஒட்டியிருக்கிறது, அது மட்டும் போதும் என்று கெஞ்சினாள். ஒதீலா யோசித்தாள்.

"உன் கை. அது கொத்தினா என்னைச் சொல்லக்கூடாது."

கொத்தியது. நன்றாகவே கொத்தியது. வைக்கோலுக்கு அடியில் தோள்வரை கையை விட்டு, முகத்தைச் சுளித்து, கோழியிடம் கொஞ்சலாக ஏதேதோ பேசி, கடைசியில் நகக்கண் அளவு அட்டையோடு கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டில் ரத்தம். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

கணினியை வண்டியின் பானெட்டில் வைத்தோம். அட்டையில் இருந்த கோப்பும் முடியாத கோப்புதான். பெட்டி சேற்றில் கிடந்தபடியே பதிவு செய்துகொண்டிருந்து, பேட்டரி செத்ததும் பாதியில் நின்றிருக்கிறது. நேரியின் கணினியில் இருந்த வேறு நிரல் சேதமடைந்த கோப்பு என்று சொல்லி மூடிக்கொண்டது. சுல்மா தன்னுடையதை ஓட்டினாள்.

துண்டு துண்டாக வந்தது. படம் ஒன்று. மெலோவின் கூரைகள். இன்னொன்று, மேகத்தின் முதுகு. பிறகு மெரீன் ஏரி முழுவதும், ஒரு கரையிலிருந்து மறுகரைவரை, வெள்ளித் தட்டு மாதிரி. அதற்கும் மேலே போனதும் வானம் கறுத்து, பூமியின் விளிம்பு வளைந்து, மெல்லிய நீலக் கோடாகத் தெரிந்தது. நேரி இத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியதை இப்போதுதான் பார்க்கிறான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

இந்தக் கோப்பிலும் வந்த குறி எண் எழுபத்தேழை இப்போது சுல்மா தாண்டவில்லை. அங்கேயே நின்று நாலு வரி நிரல் எழுதி, அந்தத் துண்டுகளை மட்டும் கோத்து ஒலியாக்கினாள். காற்றின் இரைச்சல் கேட்டது. உயரம் கூடக் கூட அது தேய்ந்து, கயிறு லேசாக முனகுவது மட்டும் மிச்சமிருந்தது. நெடுநேரம் அப்படியே. பிறகு 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். உடனே பெட்டி கடகடவென்று உருள, கீழே போகப் போகக் காற்று ஓலமிட்டது.  நாங்கள் மூவரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றோம், நாங்களே விழுகிற மாதிரி.

"என் வீடு அதுல வருமா?" என்று ஒதீலா கேட்டாள்.

சுல்மா தட்டிக்கொண்டே போனாள். வயல் வரப்புகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. தகரக் கூரை வந்தது. முற்றத்தில் கையில் வாளியோடு, அண்ணாந்து பார்த்தபடி, ஒரு பெண்.

"அது நான்தான்" என்றாள் ஒதீலா. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, போர்ச்சுகீசில் மறுபடியும் சொன்னாள். பிறகு எங்களைச் சாப்பிடாமல் போகவிடவில்லை.

அந்த நிரலை சுல்மா யார் கேட்டாலும் கொடுத்தாள். தக்குவாரெம்போவில் ஒரு பள்ளிக் குழு அதை வைத்து ஆற்றின் நீர்மட்டத்தைப் படிக்கிறது. ஆலையிலும் அவள் எடை மேடை நிரலை அப்படியே மாற்றி எழுதினாள். ஜன்னலில் சத்தம் குறையவில்லை. இப்போது கோபத்தைவிடச் சிரிப்பு அதிகம் கேட்கிறது என்று ரொட்டிக் கடைக்காரர் சொல்கிறார்.

நவம்பர் கடைசியில் இரண்டாவது பலூனை விட்டோம். இந்த முறை யாரும் கோப்பு முடியக் காத்திருக்கவில்லை. ஓடும் வண்டியில் சுல்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டு வர வர இடத்தையும் உயரத்தையும் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். பின்னிருக்கையில் நேரி ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே பிடித்திருந்தான். பலூன் எங்களுக்காக எல்லையில் நிற்கவில்லை. பிரேசிலுக்குள் போய்விட்டது. எல்லைப் பாலத்தில் ஒரு காவலர் வண்டியை நிறுத்தி, ஆன்டெனாவையும் கம்பிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்ன கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார்.

"கொண்டு போக ஒண்ணும் இல்லைங்க, கொண்டு வரத்தான் போறோம்" என்றாள் சுல்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பன்னிரண்டாயிரம் மீட்டர். இறங்குது. வில்மார், வண்டியை எடு."