மச்சான் குரலுக்கு வாங்கிய ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டாக ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். நான் என் அக்கா வீட்டுக்காரர் பாடியதை எடுத்துக்கொண்டு போனேன். எந்தப் பெட்டியில் அவர் குரல் காது கொடுத்துக் கேட்க முடியாமல் இருக்கிறதோ அதைத்தான் வாங்குவது என்று கோத்தகிரியில் கோயமுத்தூர் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

மச்சானுக்குச் சொந்தமாக மைக் செட்டும் ஒரு மெல்லிசைக் குழுவும் உண்டு. கட்டபெட்டைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் கோயில் திருவிழா, கல்யாணம், சடங்கு எதுவானாலும் அவர்தான். ஆண் குரல் அவர், பெண் குரல் நான். எனக்கு வேலை எஸ்டேட் ஆபீசில் என்றாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் என்னைப் பாட்டுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். நடுவில் ஒரு குளிர்காலம் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. சரியானதும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மாரியம்மன் திருவிழாவுக்குப் போய் மேடையோரம் நின்றேன். மச்சான் மைக்கைப் பிடித்தார். "எங்க கொழுந்தியாளுக்குத் தொண்டை போச்சுங்க. இனிமே அவங்க பாட மாட்டாங்க. புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, கை தட்டுங்க."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு என்ன செய்வது. அதற்குப் பிறகு எதிரில் வருகிறவர்களெல்லாம் தொண்டை எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அவர் முன்னாலும் அந்த ஜனங்கள் முன்னாலும் ஒருமுறை பாடிக் காட்டாமல் என் கட்டை வேகாது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் அவருடைய யோக்கியதையை ஊருக்குக் காட்ட வேண்டும் என்றும் நினைத்தேன்.

அவர் குரலின் சங்கதி பக்கத்தில் நின்று பாடிய எனக்குத் தெரியும். சுருதிக்குக் கொஞ்சம் கீழேதான் எப்போதும் கிடக்கும். அதை மூட ஆள் உயரத்துக்கு பேஸ் பெட்டி வைத்திருந்தார், அதற்கு மேல் எக்கோ. எங்கள் பக்கம் மைக் செட்டு நல்லதா என்று பார்ப்பதும் எதிர் மலையை வைத்துத்தான். முதல் பாட்டு முடிந்ததும் கமிட்டிக்காரர் எதிர் மலை லயத்தில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, கேட்டதா என்பார். கேட்டதென்றால் நல்ல செட்டு. அதனால் மச்சான் பெட்டிகளைப் பள்ளத்தைப் பார்க்கத் திருப்பி வைப்பார். எதிரே நாற்காலியில் இருப்பவர்களுக்கு நெஞ்சில் இடிப்பதுதான் தெரியும். பாடுகிறவர் எப்படிப் பாடுகிறார் என்று யாருக்குத் தெரியும்?

கடையில் கொடுத்தது, அக்கா மகள் பிறந்தநாளுக்கு அவர் மைக் இல்லாமல் பாடிய வீடியோ. போனை ஒயரில் மாட்டிப் போட்டுப் பார்த்த கடைக்காரர், "ஏனுங்க, இதத்தான் போட்டுக் கேக்கோணுமாங்க?" என்றார். இதையேதான் என்றேன். முதலில் பதினைந்து இஞ்ச் பெட்டி. பாவி, அவர் குரலுக்குச் சதை போட்டுவிட்டது. அடுத்தது வாட் கணக்கைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்த பெட்டி. அந்தக் கணக்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளம் மாதிரி, பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அதில் எல்லாக் குரலும் ஒரே கத்தலாக இருந்தது. மூன்றாவது பன்னிரண்டு இஞ்ச், ஆம்ப்ளிபயர் உள்ளேயே இருப்பது. அதில் மச்சான் மூச்சு வாங்குவது கேட்டது. மேலே எட்டாமல் சுருதி வழுக்குவது தண்ணீர் மாதிரித் தெளிவாகக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது உள்ளத உள்ளபடி சொல்லிப்போடுமுங்க," என்றார் கடைக்காரர். "பாடறவங்க நல்லாப் பாடோணும். பெரிய பெட்டின்னா எல்லாத்தையும் மூடிக்கும்."

"மூட வேண்டாங்க," என்றேன்.

என் வீட்டுக்காரரிடம் வேறு காரணம் சொன்னேன். ஓராளாகத் தூக்கிக்கொண்டு லயத்துப் படிக்கட்டில் இறங்கலாம், சின்ன மண்டபத்துக்கும் சர்ச் ஹாலுக்கும் இரண்டு பெட்டி தாராளம், ஸ்டாண்டில் தலைக்கு மேலே ஏற்றிவிட்டால் கடைசி வரிசைக்கும் பேச்சு புரியும் என்று. எல்லாம் உண்மைதான். பெட்டிகள் வந்த பிறகு போனில் பாட்டுப் போட்டுப் பார்த்தேன், செக் செக் சொல்லிப் பார்த்தேன். நான் மட்டும் அதில் பாடவில்லை. முதல் பாட்டை மச்சான் இருக்கும் இடத்தில்தான் பாடுவது என்று ஒரு வைராக்கியம்.

சமயம் தானாக வந்தது. அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம், பெர்ன்ஹில்லில் ஒரு சின்ன ஹாலில். மைக் செட்டுக்காரர்கள் தங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தாங்களே செட்டுக் கட்ட மாட்டார்கள். பெண்ணைப் பெற்றவர் வாசலில் நின்று வாங்க என்று சொல்ல வேண்டும், ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. அக்கா என்னைக் கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன்.

மத்தியானமே மிஸ்ட் இறங்கிப் பனி மூடியிருந்தது. ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள். நான் இரண்டு பெட்டிகளையும் நாற்காலிகளைப் பார்க்கத் திருப்பி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் எக்கோவைச் சுத்தமாக மூடி வைத்தேன். தட்டு மாற்றியதும் மச்சான் வழக்கம்போல மைக்கை வாங்கினார். அப்பா மகளைப் பார்த்துப் பாடும் ஒரு பழைய பாட்டு. முதல் வரியிலேயே அவர் முகம் மாறியது. தன் குரலை அவரே அன்றுதான் கேட்டிருப்பார். விரலைச் சுழற்றிச் சாடை காட்டினார். நான் புரியாத மாதிரி சிரித்தேன். "எக்கோவக் கொஞ்சம் ஏத்து புள்ள," என்று மெதுவாகச் சொன்னார். அதையும் என் பெட்டி கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "சம்பந்திக்குத் தொண்டை செரியில்லீங்களா?" என்று கேட்டார். என் வயிறு குளிர்ந்தது. அக்கா மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்தும் என் கை எக்கோ பக்கம் போகவில்லை.

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் மிக்சரை அப்படியே விட்டுவிட்டு மேடைக்குப் போய் மைக்கை எடுத்தேன்.

பல்லவி நன்றாக வந்தது. லயத்து ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சரணத்தில் மேலே போகிற இடத்தில் என் குரல் இரண்டாகப் பிளந்தது. சமையலறையில் முணுமுணுக்கும்போது கேட்காதது, அந்தப் பெட்டியில் கேட்டது. உள்ளதை உள்ளபடி. கடையில் எல்லாப் பெட்டியிலும் அவர் குரலைப் போட்டுப் பார்த்தேனே, என் குரலைப் போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை. அதே இடம் இரண்டாவது முறை வரப்போகிறது.

வந்தது. ஆனால் பிளவு தெரியவில்லை. குரல் உருண்டு, மெத்தென்று இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். மிக்சர் பக்கத்தில் மச்சான் நின்றிருந்தார். எக்கோக் குமிழில் அவர் விரல். துளி அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. தனக்கே இத்தனை வருஷம் வைத்துப் பழகிய கை.

எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். பிறகு வாசலுக்குப் போய், வருகிறவர்களை வாங்க வாங்க என்று கும்பிட ஆரம்பித்தார்.

திருவிழாவில் அவர் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க முடியவில்லை. பழிக்காக எக்கோவை உச்சத்தில் திருப்பி என்னைக் கெடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். மனுஷன் காப்பாற்றிவிட்டார்.

இப்போது தினமும் ஆபீசுக்குப் போகும் முன் ஒரு பெட்டியைக் கூடத்தில் வைத்து, அதன் எதிரே நின்று அந்தச் சரணத்தைப் பாடுகிறேன். சில நாள் பிளக்கிறது, சில நாள் பிளப்பதில்லை. அக்கா மகளுக்குத் தையில் கல்யாணம். அதற்கும் செட்டு என்னுடையதுதான். மிக்சரிலிருந்து எக்கோக் குமிழைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.