ஒன்பதாவது வெள்ளிக்காசு

அருங்காட்சியகத்தில் அந்த அம்மாவுக்கு 'தொடாதீங்கக்கா' என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக நாணய அறைக் காவல். வருகிறவர்களிடம் பேசியதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். வீட்டில் புருஷன் ரிமோட்டை எடுத்தால்கூட வாயில் அதுதான் வருமாம்.

அவர் பொறுப்பில் ஒன்பது வெள்ளிக்காசுகள். கடைசி ராஜா நாட்டைவிட்டு ஓடுவதற்கு நாற்பது நாள் முன்பு, அவசரத்தில் அடித்தவை. தேய்ந்த அச்சு என்பதால் ராஜாவுக்கு அரை மூக்குதான் விழுந்திருந்தது. அதுவும் நூறு வருஷக் கறுப்பு படிந்ததால்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அக்கா கையுறை போட்டு, விளிம்பைப் பிடித்து, மூச்சை அடக்கித்தான் எடுப்பார்.

மந்திரி வருவதாகத் தகவல் வந்தது. கண்காணிப்பாளர் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, அடிப்பிடிச்ச பாத்திரம் மாதிரி. தேய்ச்சு வைங்க."

"அது அழுக்கு இல்ல சார், வயசு. தேய்ச்சா மூஞ்சியே போயிடும்."

"ராஜாவே போயாச்சு. மூஞ்சி எதுக்கு?"

மறுநாள் அக்கா பல் பிடுங்க லீவு போட்டார். அங்கே அவர் பல் போன நேரத்தில், இங்கே கண்காணிப்பாளர் உத்தரவில் எட்டுக் காசுகள் பற்பசையில் குளித்தன. பெட்டிச் சாவி கண்காணிப்பாளரிடமும் உண்டு. ஒன்பதாவதை மட்டும், முந்தின நாள் படம் எடுத்த கையோடு அக்கா இழுப்பறையில் பூட்டியிருந்தார். இழுப்பறைச் சாவி அக்கா பையில்.

மந்திரி வந்தார். "பளபளன்னு இருக்கே," என்று மெச்சினார். எந்த ராஜா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்ட முகம் இல்லை. எட்டும் சட்டைப் பொத்தான் மாதிரி மின்னின.

அடுத்த வாரம் அக்காவுக்கு மெமோ வந்தது: எட்டுக் காசுகள் சுத்தமாக இருக்க, ஒன்று மட்டும் அழுக்காக இருப்பது ஏன்? ஒரு டியூப் பற்பசையில் சரித்திரத்தை அழித்தவருக்கு மாலை, அழிக்காதவருக்கு மெமோ. நியாயம் என்று ஒன்று இருந்தால் அதையும் தேய்த்துத்தான் வைத்திருப்பார்கள் போல.

அக்கா வீங்கிய கன்னத்தோடு போய் நின்றார்.

"ஒன்பதாவதையும் தேய்ச்சிடுறேன் சார். தேய்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"நான் சொன்னா போதாதா?"

"நீங்க சொன்னீங்கன்னு நாளைக்கு நான் சொன்னா, யார் சார் நம்புவாங்க?"

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். மூடினார். வில்லங்கமான எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமலே அந்த நாற்காலிவரை வந்த மனிதர் அவர். ஃபைலை மேலிடத்துக்குத் தள்ளினார். மேலிடம் கருத்துக் கேட்டுத் திருப்பித் தள்ளியது. கோபத்தில், பாடம் செய்து வைத்த விலங்குகள் பகுதிக்கு அக்காவைப் போகச் சொன்னார்கள். அதையும் வாயால்தான் சொன்னார்கள் என்பதால் அக்கா போகவில்லை.

ஃபைல் இன்னும் சுற்றுகிறது. ஒன்பதாவது காசு இழுப்பறையில், கறுப்பாக, அரை மூக்கோடு பத்திரமாக இருக்கிறது. மற்ற எட்டும் கண்ணாடிப் பெட்டியில். அதன்மேல் யாராவது கை வைத்தால் அக்கா இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை.