டாக்டர் என்ன சொன்னாங்க

அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் அவளைச் சின்னக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். அவள் வந்தபோது மூன்றாவது மாடியில் ஏற்கெனவே ஓர் அக்கா இருந்தாள். அவள் இடத்தைப் பறிக்காமல் இவளுக்கும் ஒரு மரியாதை தரவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கணவன் அவளுக்கு முன்பே அந்த ஊருக்கு வந்து, பஸ்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பெட்டியோடு வந்து இறங்கிய சின்னக்காவுக்கு அந்த ஊர்ப் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. முதல் சில மாதங்களை அவள் தலையாட்டியே ஓட்டினாள். கடையில் ஏதாவது கேட்டால் சிரித்துத் தலையாட்டுவாள். அப்படி ஆட்டியதில் ஒரு நாள் பூனைத் தீனி டப்பா இரண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "நல்லவேளை, டப்பா மேல பூனை படம் போட்டிருக்கான்" என்றான் கணவன். "இல்லேன்னா இன்னைக்கு நான் மியாவ்னுதான் வேலைக்குப் போயிருப்பேன்."

தலையாட்டிச் சமாளிக்க முடியாத காரியங்களுக்குத் துபாஷி இருந்தார். இரண்டு பாஷை தெரிந்தவர் என்று வைத்த பட்டப்பெயர் அது. உண்மைப் பெயரை யாரும் கேட்டதில்லை. அந்தக் கட்டிடத்து நம் ஆட்களில் முதலில் வந்தவர் அவர். வெயிலானாலும் மழையானாலும் கறுப்புக் கோட்டு, கையில் ஒரு குடை. வீட்டுக்காரரிடமோ வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ பேச வேண்டுமென்றால் அவர்தான் கூட வருவார். கூலி வாங்கமாட்டார். மிகவும் வற்புறுத்தினால் ஒரு வாய் சாப்பிடுவார்.

கணவனுக்கு இருமல் பிடித்தது. ஆரம்பத்தில் அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது. சாயங்காலம் வந்து வாஷ்பேசினில் காறித் துப்பினால் அன்று அடித்த பஸ்ஸின் நிறம் வரும். "இன்னைக்குப் பச்சை பஸ்" என்பான். மறுநாள் நீலம் என்பான். சின்னக்கா தண்ணீரை ஊற்றிக் கழுவுவாள். சிரிக்கமாட்டாள்.

துபாஷி அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் நரைத்த கூந்தலை இறுக்கக் கட்டிய ஒரு பெண்மணி. அவன் முதுகில் குழாய் வைத்துக் கேட்டாள். அவன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பெயின்டை உற்றுப் பார்த்தாள். பிறகு நெடுநேரம் பேசினாள். நடுநடுவே விரலை உயர்த்தி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். துபாஷி எல்லாவற்றுக்கும் பணிவாகத் தலையசைத்தார்.

வெளியே வந்ததும் சின்னக்கா கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. தூசி ஒத்துக்கல. வெந்நீர் குடிக்கச் சொல்றாங்க. போகப்போக உடம்பு பழகிடுமாம்."

"அவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"இந்த ஊர்க்காரங்க பேச்சே அப்படித்தான். மூக்கைத் தொட தலையைச் சுத்துவாங்க."

கணவனுக்கு நிம்மதி. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தான்.

அந்தக் குளிர்காலத்தில் சின்னக்கா ஒரு லாண்டரியில் வேலைக்குப் போனாள். ஓட்டல்களிலிருந்து மலைபோல் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்து மடிக்கும் இடம். மடிக்க இரண்டு பேர் வேண்டும். விரிப்பின் நான்கு முனைகளையும் ஆளுக்கு இரண்டாகப் பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து சேர்த்து மடிப்பார்கள். அவளோடு மடித்தவள் அந்த ஊர்க்காரி, வாயாடி. எப்போதும் எதிரே நிற்பதால் சின்னக்கா மனதுக்குள் அவளுக்கு எதிராளி என்று பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொரு முறை அருகே வரும்போதும் எதிராளி ஒரு வார்த்தையைச் சொல்லிக் கையில் திணிப்பாள். ஈரம். சூடு. கை. உருளையில் துணி சிக்கினால் 'நிறுத்து' என்று அவள் கத்துகிற கத்தலில் கூடமே அதிரும். இப்படித்தான் சின்னக்காவுக்குப் பாஷை வந்தது, விரிப்பு விரிப்பாக.

ஒரு நாள் வீட்டுக்காரரின் ஆள் வந்து வாசலில் நின்று துபாஷியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். "நாளைக்குத் தண்ணி வராதாம், பிடிச்சு வச்சுக்குங்க" என்று துபாஷி மாடி மாடியாக ஏறிச் சொன்னார். எல்லோரும் வாளிகளை நிரப்பினார்கள். மறுநாள் காலை, தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கக் குழாயைத் திறந்தாள் மூன்றாவது மாடி அக்கா. புது பாய்லரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள் போலும். கொதிநீர் பீறிட்டு அவள் கை தோலுரிந்துபோனது. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கட்டிடமே வீட்டுக்காரரைத் திட்டியது.

சின்னக்கா மட்டும் திட்டவில்லை. முந்தைய நாள் வாசலில் அவளும் நின்றிருந்தாள். அந்த ஆள் பேச்சில் 'சூடு' என்ற வார்த்தை இருந்தது. தான் தப்பாகக் கேட்டிருப்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து துபாஷி பேசும்போது அவர் வாயைப் பார்க்காமல் எதிரில் பேசுகிறவரின் வாயைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அதற்குச் சில வாரம் கழித்து பஸ் நிறுத்தத்தில் துபாஷிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அந்த ஊர்க்காரி ஒருத்தி ஓடிவந்து மூச்சு வாங்க அவரிடம் கேட்டாள். பஸ் போய்விட்டதா, இனிமேல்தான் வருமா? கேள்வி சின்னக்காவுக்கு முழுசாகப் புரிந்தது. துபாஷி புன்னகையோடு தலையாட்டினார். அவள் மறுபடி கேட்டாள், போய்விட்டதா, வருமா? அவர் இன்னும் அழகாகத் தலையாட்டினார். அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

சின்னக்காவுக்கு அந்தத் தலையாட்டலை நன்றாகத் தெரியும். அவளுடையதுதான் அது. பூனைத் தீனி வாங்கிய தலையாட்டல்.

வீட்டு ஒப்பந்தம், அடுத்த வீட்டுப் பையனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொன்னது, மருந்துக் கடையில் சொன்னது. எதெல்லாம் இந்த மனிதர் வழியாக வந்தது என்று யோசிக்க யோசிக்க, நின்றிருந்த தரையே நம்ப முடியாததாகத் தோன்றியது. கடைசியில் டாக்டரின் விரல் நினைவுக்கு வந்தது. அன்று வெறும் சத்தமாகக் கேட்ட அந்த வார்த்தை இப்போது எதிராளியின் குரலில் கேட்டது. நிறுத்து. நிறுத்து.

வீட்டில் சொன்னாள். கணவன் ஒரேயடியாக மறுத்தான். "நாலு வார்த்தை தெரிஞ்சதும் தலைக்கேறிடுச்சா உனக்கு? அவர் இல்லாம இந்த வீடு ஏது, வேலை ஏது?" பேசி முடிப்பதற்குள் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நிமிர வெகுநேரம் ஆனது. அவள் அவன் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்தான் இருந்தாள். அவனைக் கண்டதும் முகம் சுருங்கியது. சின்னக்கா பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னாள். முன்பு நீங்கள் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள், மெதுவாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். பெயின்ட் வேலையை அன்றே நிறுத்தச் சொன்னேன். நுரையீரலைப் படம் எடுக்க மறுவாரமே வரச் சொன்னேன். புரிந்ததா என்று அந்தக் கோட்டுக்காரரிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் தலையாட்டினாரே.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றான் கணவன்.

அவள் ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். அவன் சட்டைப் பொத்தான்களைப் போட்டான். ஒன்று மாற்றி ஒன்றாக எல்லாமே தப்பாக விழுந்தன. அவளும் திருத்தவில்லை.

படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் பாதி போயிருந்தது. உயிருக்கு மோசமில்லை, ஆனால் போனது திரும்பாது என்றார்கள். பட்டறையை விட்டு ஒரு கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் கூண்டில் உட்கார்ந்தான். மாடிப்படியில் ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கித்தான் வீட்டுக்கு ஏறுவான்.

துபாஷியைச் சின்னக்கா படிக்கட்டில் பிடித்தாள். சண்டை போடத்தான் போனாள். அவர் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"எனக்கு மார்க்கெட் பாஷைதாம்மா தெரியும். முதல்ல ஒருத்தர் வீடு கேட்டு வந்தார், வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் எல்லாரும் வந்தாங்க. தெரியலைன்னு சொல்ல வாயெடுப்பேன். அதுக்குள்ள அண்ணனுக்குத் தெரியாததான்னு சிரிப்பாங்க."

"என் புருஷன் மூச்சை நீங்க ஊகிச்சுச் சொல்லியிருக்கீங்க."

"டாக்டரம்மா முகம் அன்னைக்குக் கடுமையாத்தான் இருந்துச்சு" என்றார் தாழ்ந்த குரலில். "அதைச் சொல்ல மனசு வரல."

அவள் கட்டிடத்தில் எல்லோரிடமும் சொன்னாள். நம்பியவர்கள் குறைவு. வெந்த கையோடு இருந்த அக்காகூட, "பாவம், அவரைப் போய்" என்றாள். முதல் மாடியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். அவளை மட்டும் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப் போனாள். அங்கே பிரசவம் பார்க்கும் டாக்டர் பேசினாள். சின்னக்கா புரியாத இடத்திலெல்லாம் நிறுத்தி, மறுபடி, மறுபடி என்று கேட்டாள். வெளியே வரிசை நின்றது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த வாரமும் வரச் சொல்லி அனுப்பினாள்.

திரும்பும் வழியில் கர்ப்பிணியின் கணவன் சலித்துக்கொண்டான். "துபாஷி அண்ணன் வந்திருந்தா டக்குனு முடிஞ்சிருக்கும்."

அடுத்த வாரம் அவர்கள் சின்னக்காவைக் கூப்பிடவில்லை. ஜன்னலில் நின்று துணி காயப்போடும்போது பார்த்தாள். மழைத் தூறலில் மூவரும் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். துபாஷி தான் நனைந்தபடி அந்தப் பெண்ணுக்குக் குடை பிடித்திருந்தார். சின்னக்கா ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பஸ் கிளம்பும் நேரத்தில் தொற்றி ஏறினாள்.

டாக்டரின் அறையில் துபாஷி தன் நாற்காலியைச் சின்னக்காவுக்கு விட்டுவிட்டு நின்றுகொண்டார். வயிற்றைத் தொட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒரு வார்த்தையைச் சொன்னாள். துபாஷி தலையசைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திச் சின்னக்காவைப் பார்த்தார். அவளுக்கும் அது தெரியாத வார்த்தை. லாண்டரியில் அதற்கு வேலையே இல்லை. இன்னொரு முறை கேட்டாள். டாக்டர் அதையே சொன்னாள், குரலை உயர்த்தி.

"என்னக்கா? என்னண்ணே?" கர்ப்பிணி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்."

"தெரியலம்மா" என்றார் துபாஷி. அந்தக் கட்டிடத்து ஆட்கள் எவரும் அவர் வாயிலிருந்து அதுவரை கேட்டிராத சொல் அது.

டாக்டர் ஒரு தாளை இழுத்துப் படம் வரைந்தாள். பெரிய வட்டம், உள்ளே ஒரு குழந்தை. தலை மேலே, கால் கீழே. கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடிபோல் ஒரு கோடு. வரைந்து முடிக்கும் முன்பே பெண்ணின் கை வயிற்றுக்குப் போய்விட்டது. அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தாள்.